பத்தாம் பொத்தானில் கிடந்த துண்டு

ஜூலை 1, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். குடையை மறந்தேன். இலஞ்சியில் பஸ் ஏறினால் குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிற கூட்டம், எல்லா சீட்டும் ஈரம். தென்காசி வரை நின்றே வந்தேன்.

ஆபீஸில் முருகேசன் சார் சொன்னது: அச்சன்புதூர் அரிசி ஆலை வேலை எனக்கு. தனியாக. (இனி மு. சார். முழுப் பெயர் எழுதச் சோம்பல்.) சேர்ந்து ஏழு மாதம். இதுவரை சாருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போனதுதான்.

வேலை இது. ஆலையின் பழைய கம்ப்யூட்டர் இடியில் போய்விட்டது. உள்ளே இருந்த புரோகிராமும் போச்சு. எழுதிக் கொடுத்த ஆள் வெளிநாட்டில், நம்பர் கிடைக்கவில்லை. புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள். அதற்குள் ஒரு நெட்வொர்க் கார்டைச் செருகி, ஆலை மோட்டார்களோடு அதைப் பேச வைக்க வேண்டும்.

அம்மா கேட்டாள், அதென்ன கார்டு என்று. ஒரே கேபிள் ஒவ்வொரு மோட்டாரையும் ஓட்டுகிற டிரைவ் பெட்டியைத் தொட்டுக்கொண்டு போகும்மா, ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு எண் உண்டு, கார்டு எந்த எண்ணைக் கூப்பிடுதோ அந்த மோட்டார் மட்டும் ஓடும் என்றேன்.

"பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிடுத மாதிரின்னு சொல்லு. நீதான் கூப்பிட்டாலும் 'உள்ளேன் அய்யா' சொல்லாம, ஆப்சென்ட் வாங்கிட்டு வந்து அழுவியே."

உண்மைதான். ஐந்தாம் வகுப்பு. இன்னும் மறக்கவில்லை அவள்.

நாளைக்கு எடுத்து வைக்க:
கார்டு (கவரைப் பிரிக்கும் முன் இரும்பைத் தொட்டுக்கொள்ள வேண்டும், உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க)
சின்ன ஸ்குரூ டிரைவர், டெஸ்டர்
பென் டிரைவ் இரண்டு
சோறு
குடை!!

ஜூலை 2, புதன்

சாரல் விடவில்லை. அச்சன்புதூர் போய்ச் சேர்ந்தது 9.40.

ஆலை முதலாளி அண்ணாச்சிக்கு நெற்றி நிறையத் திருநீறு. என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தார். "சார் வரலியா?" வரலை என்றேன். என் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. "சார் வரலியாம்மா?" தலையாட்டினேன்.

சுற்றிக் காட்டியவர் இசக்கி அண்ணன். மெஷின் ஆபரேட்டர். பழைய கம்ப்யூட்டரையும் அவர்தான் ஓட்டியிருக்கிறார். ஐம்பது வயதுக்குள் இருக்கும். சட்டைப் பையில் சீப்பு, தோளில் பச்சைக் கரைத் துண்டு. பாப்பா பாப்பா என்று கூப்பிடுகிறார்.

பேனலில் வரிசையாகப் பச்சைப் பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே எண் ஸ்டிக்கர். ஏழாம் பொத்தான்மேல் ஒரு அழுக்குத் துண்டு கிடந்தது. கீழே விழுந்துவிடப் போகிறதே என்று எடுக்கப் போனேன். இசக்கி அண்ணன் பதறிவிட்டார்.

"ஏ பாப்பா, தொடாத! துண்டு கெடந்தா ஆளு கை உள்ள இருக்குன்னு அர்த்தம். மொதலாளியே தொட மாட்டாவ. போட்டவந்தான் வந்து எடுக்கணும்."

யார் எந்த மெஷினுக்குள் கை விட்டாலும் முதலில் தன் துண்டை அந்த மெஷினின் பொத்தான்மேல் போட்டுவிட வேண்டும். அதுதான் இந்த ஆலையின் வழக்கம். கம்ப்யூட்டரில் ஓட்டுகிறவரும் எழுந்து வந்து பேனலைப் பார்த்துவிட்டுத்தான் மவுஸைத் தொடுவாராம். கல்லூரியில் இதற்குப் பூட்டு, அட்டை என்று ஒரு பாடமே உண்டு. இங்கே துண்டு. நன்றாகத்தான் இருக்கிறது.

கார்டு உட்கார்ந்தது. சாஃப்ட்வேர் இரண்டு தடவை அடம், மூன்றாவது தடவை ஏறியது. கார்டின் வேகமும் டிரைவ்களின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும், அதைக் கண்டுபிடிக்கவே மதியம் ஆகிவிட்டது. பிறகு ஸ்கேன் கொடுத்தேன். கேபிளில் யார் யார் இருக்கிறார்கள் என்று கார்டு கேட்கும், இருக்கிறவர்கள் பதில் சொல்வார்கள்.

பதில் சொன்னவை: 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9.
பேனல் ஸ்டிக்கர்: 1, 2, 3, 4, 5, 6, 7, 9, 10.

நோட்டில் எழுதினேன். எட்டு எங்கே? அடிக்கோடும் போட்டேன்.

கேட்கலாம் என்று எழுந்து கதவு வரை போனேன். மூட்டைகள்மேல் ஆறு ஆண்கள் டீ குடித்துக்கொண்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர், "எலே, கம்ப்யூட்டர் அம்மா வருதாவ, காலை மடக்கு" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

நானே முடிவு செய்தது: 8 பழைய காலத்து மிச்சம் ஏதோ. 10 பதில் சொல்லவில்லை என்றால் அதன் வயர் லூஸ். ஸ்டிக்கர் எண்ணைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் பெயர் போட்டேன். 9 உமி ஃபேன். 10 எலிவேட்டர், அதாவது கீழே குழியிலிருந்து நெல்லை வாளி வாளியாக அள்ளி மேலே கொண்டுபோகிற பெல்ட். 8ஐ விட்டுவிட்டேன்.

நான்கு மணிக்கு மு. சார் போன். "எல்லாம் ஓகேவாம்மா?"

"ஓகே சார்."

ஜூலை 3, வியாழன்

மாலை நான்கு. தென்காசி ஆஸ்பத்திரி, பெஞ்சு. வெளியே வெயில். சாரல் எப்போது நின்றது தெரியவில்லை.

காலையில் ஒன்று முதல் ஏழு வரை ஒவ்வொன்றாக ஓட்டினேன். எல்லாம் ஓடின. அண்ணாச்சி எனக்கென்று பஜ்ஜி வாங்கிவரச் சொன்னார். "கொள்ளாமே! சின்னப் பிள்ளன்னு நெனச்சேன்" என்றார். சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுத வேண்டும், இருந்தது.

11.15 இருக்கும். இசக்கி அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"பாப்பா, எலிவேட்டர் அடில ஈர நெல்லு கட்டிக் கெடக்கு. கையால நோண்டி எடுக்கணும். பத்து இப்ப ஓடாதுல்லா?"

"ஓடாது அண்ணே. பத்துக்கு வயரே சரியில்ல. இப்ப ஒம்பது மட்டுந்தான்."

சத்தமாகச் சொன்னேன். அந்த ஆலைக்குப் போனதிலிருந்து நான் சத்தமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

எழுந்து போய்ப் பேனலைப் பார்த்தேன். 9இல் துண்டு இல்லை. 10இல் பச்சைக் கரைத் துண்டு. சரிதானே, அங்கே கை இருக்கிறது. வந்து உட்கார்ந்தேன். 9ஐ அழுத்தினேன்.

திரையில் 9 பச்சை. 'ஓடுகிறது.'

ஃபேன் சத்தம் வரவில்லை. வாளிகள் தகரத்தில் அடிக்கிற சத்தம் வந்தது. பிறகு அந்தச் சத்தம். மனுஷர் சத்தம் என்று முதலில் தோன்றவில்லை.

தூணில் இருக்கிற சிவப்புப் பொத்தானை யாரோ அடித்தார்கள். எல்லாம் நின்றது. ஓடினேன். வழியில் பேனல். 10இல் துண்டு அப்படியே கிடந்தது. அதை உருவி எடுத்துக்கொண்டு போய் இசக்கி அண்ணன் கையில் சுற்றினேன். பச்சைக் கரை தெரியவில்லை.

அண்ணாச்சி கார். நான் பின் சீட்டில் இசக்கி அண்ணனின் அடிபட்ட கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் சீசன் கார்கள், ஜன்னலில் உலர்த்திய துணிகள். இசக்கி அண்ணன் ஒரு தடவைதான் பேசினார். "பெல்ட்டு அறுந்துட்டா?"

வலது மோதிர விரல், மேல் கணு இல்லை. நடு விரல் எலும்பு முறிவு.

நான் 9ஐத்தான் அழுத்தினேன். 9ஐத்தான்.

ஜூலை 4, வெள்ளி

மு. சாரோடு ஆலைக்கு. பைக்கில்.

கரண்டை நிறுத்திவிட்டு 9 என்று ஸ்டிக்கர் ஒட்டிய டிரைவின் மூடியைக் கழற்றினேன். உள்ளே எண் வைக்கிற குட்டி சுவிட்சுகள். பார்த்தேன். எட்டு. அடுத்தது, 10 ஸ்டிக்கர் ஒட்டியது. உள்ளே ஒன்பது.

ஆக மொத்தம் ஒன்பது மோட்டார், ஒன்பது எண். ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் மிச்சமில்லை. நான் 9 என்று கூப்பிட்டேன், உள்ளே ஒன்பது என்று இருந்தது ஓடியது. அது எலிவேட்டர். பழைய ஆள் இதை மனதில் வைத்து புரோகிராமுக்குள் மாற்றிப் போட்டிருக்கிறார். எங்கும் எழுதி வைக்கவில்லை.

அண்ணாச்சியிடம் கேட்டேன். மெதுவாக. இரண்டு நாள் கழித்து. எட்டு ஏன் இல்லை?

"எட்டு நமக்கு ஆவாதும்மா. சனி நம்பர். வண்டிக்கே கூட்டினா எட்டு வராம பாத்துத்தான் எடுப்பேன். டிரைவு மாட்டும்போதே சொல்லிட்டேன், ஏழுக்கு அப்புறம் ஒம்பது ஒட்டுங்கலேன்னு. இங்கன எல்லாத்துக்கும் தெரியுமே."

எல்லாத்துக்கும் தெரியும். மூட்டைமேல் டீ குடித்த ஆறு பேருக்கும் தெரியும். கேட்டிருந்தால் டீயை விழுங்கும் முன் சொல்லியிருப்பார்கள்.

மு. சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு. எண்களை மாற்றிப் போட்டார். ஒரு நிமிஷ வேலை. எண்ணிப் பார்த்தேன், ஒரு நிமிஷம்கூட இல்லை.

அப்போது அண்ணாச்சி சொன்னது: "மெஷினு ஆயிரம் பண்ணும். இவன் துண்டு போடாம கையை விட்டிருக்கான். எல்லாரும் பாத்தாச்சு, ஒரு பொத்தான்லயும் துண்டு இல்ல. தோள்ல கெடந்தத எடுத்துத்தான் கையில சுத்தியிருக்கு. வைத்தியம் நான் பாத்துக்கிடுதேன், ஆனா துண்டு போடாதவன் இந்த ஆலையில வேண்டாம். இன்னிக்கு விரல், நாளைக்கு உசுரு."

யாரும் பார்க்கவில்லை. துண்டு 10இல் கிடந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். நானே எடுத்துவிட்டேன்.

வாய் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். காற்று வந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் மு. சார்: "இந்தா பாரு, எம்மேலயும் தப்பு இருக்கு, ஒன்னைத் தனியா அனுப்பிருக்கக் கூடாது. ஆனா இது வெளிய போச்சுன்னா ஆபீஸ மூடணும். ஒனக்கு வேற எவனும் வேலை தர மாட்டான். நீ பேசாத பிள்ளதானே, பேசாமலே இரு."

ரிப்போர்ட் அவரே எழுதினார். 'காரணம்: பணியாளர் கவனக்குறைவு.' கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று அவருடையது. இன்னொன்று என்னுடையது: ப. முப்பிடாதி, பி.இ.

முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸில் போட்ட அதே கையெழுத்து.

ஜூலை 5, சனி

மழை இல்லை, புழுக்கம். ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா ரம்புட்டான் ஒரு பை கொடுத்துவிட்டாள்.

திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"மன்னிச்சிரு பாப்பா. ஒனக்கு மொத வேலை. அதுல போய் இப்பிடி ஆக்கிட்டேனே."

என்னிடம். அவர், என்னிடம்.

"துண்டு போட்டேன்னுதான் நெனச்சேன். போட்ட மாதிரியே கண்ணுல நிக்கி. ஆனா இல்லைங்காவ எல்லாரும். இருவது வருசத்துல ஒரு நாளு மறந்தது கெடையாது. புத்தி பெசகுது போல."

அவர் சம்சாரம் ரம்புட்டானை உரித்துக்கொண்டே, "போன மாசம் வீட்டுச் சாவியையும் எங்கனயோ வச்சிட்டு மறந்துட்டாவ. அவிய அப்பாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. கடைசில எங்களையே யாருன்னு தெரியல" என்றார்.

இசக்கி அண்ணன் கட்டுப் போட்ட கையைப் பார்க்கவே இல்லை. மற்றக் கையால் நெற்றியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே ஏதாவது லூஸாக இருக்கிறதா என்பது போல.

விரல் போனதுகூட அவருக்குப் பெரிதில்லை; புத்தி போகிறதோ என்ற பயம்தான். இது தெரியாமல் வந்திருக்கிறேனே.

சொல்லியிருக்கலாம். நான்கு பேர் இருந்தார்கள் வார்டில். நான்கே பேர். "வாரேன் அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் துண்டு இருந்தது. துவைத்துத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். மூன்று தண்ணீர் மாற்றினேன். வெள்ளை வெளுத்துவிட்டது. பச்சைக் கரையில் மட்டும் ஒரு பழுப்பு.

ஜூலை 6, ஞாயிறு

குற்றாலத்தில் கடும் கூட்டம். ஐந்தருவி ரோட்டில் அம்மாவின் பழக்கடையில் அவளோடு நின்றேன். மங்குஸ்தான் வரத்துக் குறைவு, ரம்புட்டான் குவியல். பதினொரு மணிக்கு அருவியில் தண்ணீர் அதிகமாகிக் குளிக்க விடவில்லை. சோப்பு நுரை காதிலிருக்கத் திரும்பி வந்த ஒருவர், "எம்மா, இந்தப் பழத்துல முடி இருக்கே, சவரம் பண்ணித் தருவியளா?" என்றார். அம்மா சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டாள்.

"என்னட்டி? மூணு நாளா சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு வைக்க."

தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். எட்டு. துண்டு. கையெழுத்து.

"சொன்னா சோலி போயிருமா?"

"போயிரும்."

அம்மா அரைக் கிலோ நிறுத்துக் கொடுத்தாள். இன்னொருவருக்கு ஒரு கிலோ. பிறகு:

"போனாப் போவுதுன்னு என் வாயால வராது. ஒன்னைப் படிக்க வைக்க நான் பட்டது எனக்குத்தான் தெரியும்." தராசைத் துடைத்தாள். "அந்த ஆளுக்குப் பிள்ளைய இருக்கா?"

"தெரியல. கேக்கல."

"அதயும் கேக்கலியா?"



ஜூலை 7, திங்கள்

லேசான சாரல், வெயிலோடு. மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். வேலை இருக்கிறதா தெரியாது. மு. சார் பைக்கை உதைக்கும்போது, "நாளைக்கு வராண்டாம். நான் கூப்பிடுதேன்" என்றார். கோபமா இல்லையா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஆலையை இன்றே ஓட்டியாக வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். நாளைக்குத் தேதி எட்டு. பத்து மணிக்குத் தேங்காய், சூடம், எலுமிச்சம்பழம். மூட்டைக்காரர்கள் ஆறு பேர், மு. சார், நான். இசக்கி அண்ணனும் வந்திருந்தார், கையைக் கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு. மெஷின் ரூம் சாவியைக் கொடுத்துவிட்டுத் தன் டிபன் பாக்ஸை எடுத்துப்போக வந்தாராம். தோள் வெறுமையாக இருந்தது. கதவோரமாகவே நின்றார். வெளியாள் மாதிரி.

அண்ணாச்சி என்னைப் பார்த்து, "ஆரம்பிம்மா" என்றார்.

நான் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. பையிலிருந்து துண்டை எடுத்தேன். பேனலுக்குப் போய் 10ஆம் பொத்தான்மேல் போட்டேன். அன்றைக்குக் கிடந்த மாதிரியே, பச்சைக் கரை கீழே தொங்க.

ஒருவர் தானாகவே எலிவேட்டர் பக்கம் எட்டிப் பார்த்தார், உள்ளே யார் என்று.

"யாரு துண்டுலே அது?" அண்ணாச்சி.

"இசக்கி அண்ணன் துண்டு." கேட்கவில்லை போலிருந்தது. மறுபடி சொன்னேன். "இசக்கி அண்ணன் துண்டு. அன்னிக்கும் இங்கதான் கெடந்துது. அவுக போட்டாவ. நான் பாத்தேன். ரத்தம் வந்ததும் நான்தான் எடுத்துட்டு ஓடுனேன்."

மு. சார், "ஏம்மா" என்றார்.

நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். அதனால் நிறுத்தவில்லை. பத்து ஓடாதுன்னு நான் சொன்னேன். எட்டு எங்கேன்னு நோட்டுல எழுதி வச்சிருந்தேன், யாருகிட்டயும் கேக்கல. ரிப்போர்ட்டுல போட்டிருக்கது பொய், அதுல என் கையெழுத்து இருக்கு. இவ்வளவுதான் சொன்னேன். அழவில்லை. குரல் கீச்சென்று இருந்தது, ஆனால் குரல்.

சூடம் அணைந்து தட்டில் கரி. அண்ணாச்சி பேனல் பக்கம் வந்தார். 9 ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றார். ரொம்ப நேரம். பிறகு திரும்பாமலே, "சாவிய நீயே வச்சுக்கலே" என்றார்.

"துண்ட எடுத்துட்டு ஓட்டுங்க" என்றார் பிறகு. ஒருவரும் அசையவில்லை.

இசக்கி அண்ணன் கதவோரத்திலிருந்து வந்தார். துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கரையில் இருந்த பழுப்பைத் தடவினார். இடது கையால் எடுத்து, பழக்கமில்லாத தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் போட்டிருந்தேன்லா, பாப்பா?"

"போட்டிருந்தீங்க அண்ணே."

"நல்லாப் பாத்தியா? பத்துலயா?"

"பத்துலதான்."

"போட்டிருந்தேன்" என்று தனக்கே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.